பாட்டோடு பெயரையும் சொன்ன சிலோன் ரேடியோ

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

நாம் 'சிலோன் ரேடியோ' என்று சொல்லிப் பழகிய கொழும்பு வானொலிக்கு 2025 டிசம்பர் 16-ம் தேதியோடு 100 வயது நிறைந்துவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதில் குறையொன்றும் இல்லை. உங்களில் பாதிப்பேர் அதைக் கேட்டதே கிடையாது. ஆனால் அந்த வானொலி நம்மிடம் வளர்த்த ஒரு நல்ல பழக்கம் இப்போது கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பாட்டைக் கேட்டால் அதை எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், பாடியவர் யார் என்று பெயர் சொல்லும் பழக்கம்தான் அது. அது போகக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. டீச்சர் பதிவென்றால் வரலாறு இல்லாமலா!

இலங்கைத் தந்தித் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளை வைத்து அவர்கள் சோதனை ஒலிபரப்பு நடத்தினார்கள். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. அதற்கு முந்தைய வருடமே சென்னையில் ஒரு வானொலிக் கழகம் தொடங்கியிருந்தாலும், பணமில்லாமல் 1927-ல் அது நின்றுபோனது. கொழும்பு நிற்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது, நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பிலிருந்து 'ரேடியோ சீயாக்' என்ற ஒலிபரப்பு நடந்தது. அதற்காகக் கொழும்புக்கு அருகில் ஏகலை என்ற இடத்தில் 100 கிலோவாட் சக்தியுள்ள சிற்றலை டிரான்ஸ்மிட்டரை நிறுவினார்கள். போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு சின்னத் தீவுக்கு அவ்வளவு பெரிய கருவி எதற்கு? 1950 செப்டம்பர் 30-ல் வர்த்தக சேவையைத் தொடங்கினார்கள். இந்தியாவை நோக்கி இந்தியிலும் தமிழிலும் பாட்டும் விளம்பரமும் வர ஆரம்பித்தன.

அதே நேரத்தில் நம் நாட்டில் நடந்ததுதான் வேடிக்கை. 1952-ல் பி.வி. கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தில் மிகுந்த பற்றுள்ளவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் நேரம் சுருங்கியது. அதோடு, பாட்டு எந்தப் படத்தில் வந்தது என்று சொல்லக்கூடாது, பாடகர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றும் ஆனது. படத்தின் பெயரைச் சொல்வது அந்தப் படத்துக்கு விளம்பரம் என்பது காரணம். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு, தங்கள் பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றுபோனது.

கவனியுங்கள். அந்தச் சண்டையில் ஒரு பாதி, ஒரு பெயரைச் சொல்லலாமா கூடாதா என்பதுதான்.

நமக்கு வந்த நஷ்டத்தைப் பாருங்கள். அப்போது கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் மாவட்டம் 1997-ல்தான் பிரிந்தது. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் கொடிகட்டிப் பறந்த காலம். 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அந்தக் கம்பெனி எடுத்தவை. கவிஞர் மருதகாசி சினிமாவுக்குப் பாட்டெழுத ஆரம்பித்ததும் அங்கேதான். நம் மலையடிவாரத்துச் சேலத்தில் உருவான படத்தின் பாட்டு, இசைத்தட்டாகக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து காற்றில் ஏறி, கடலைத் தாண்டி நம் மலைக்குத் திரும்பி வந்தது. அதுவும் எழுதியவர் பெயரோடும் படத்தின் பெயரோடும் வந்தது!

அகில இந்திய வானொலியும் விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3-ல் விவித்பாரதியைத் தொடங்கியது. ஆனால் அதற்குள் நம் ஜனங்களின் காது கொழும்புப் பக்கம் திரும்பிவிட்டது.

நம் வானொலி ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. அதன் விவசாய நிகழ்ச்சியைக் கேட்டு விவசாயிகள் 1960-களில் ஆடுதுறை 27 ரகத்தைப் பயிரிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமி தன் பெயரைச் சொல்லிச் செய்தி வாசித்தால் வீடே அமைதியாகும். எல்லாம் உண்மை. ஆனால் பாட்டு என்றால் சிலோன்தான்.

திருச்சி நம் மலையிலிருந்து நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டர்தான். கொழும்போ சுமார் 500 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்தது என்று இளையவர்கள் கேட்கலாம். பண்பலை, அதாவது எஃப்.எம்., டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி. நேராகப் போகும், குறுக்கே மலை நின்றால் அந்தப்பக்கம் நிழல்தான். சிற்றலை வானத்தின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும், சுவரில் எறிந்த பந்து மாதிரி. மத்திய அலையும் ராத்திரியில் அப்படித் திரும்பி வரும். அதனால் எழுபது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிப் பஸ் வராத காலத்திலேயே சோளக்காட்டுக்கும் செம்மேட்டுக்கும் கொழும்பு வந்துவிட்டது. கொஞ்சம் அலை அடிக்கும், குரல் தேய்ந்து மீண்டும் எழும். அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு அடிவாரத்தில் சேந்தமங்கலம் பக்கம். வீட்டில் ஒரு மர்ஃபி ரேடியோ. அதற்கு அஞ்சலகத்தில் பணம் கட்டி வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். ரேடியோவுக்கு லைசென்ஸா என்று சிரிக்காதீர்கள். 1980-களில்தான் அதை எடுத்தார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே தலை பின்னிப் பள்ளிக்கூடம் கிளம்பியவர்கள் என் வயதில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

அந்த அறிவிப்பாளர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1950-களில் வர்த்தக சேவைக்குத் தனி நடை கொடுத்தவர் எஸ்.பி. மயில்வாகனம். மேடைப்பேச்சு மாதிரி இல்லாமல், நேயரோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும் என்று என் அப்பா சொல்வார். எங்கள் காலத்தில் ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா. கே.எஸ். ராஜாவின் 'திரை விருந்து' வேகத்தை இன்றைக்கு எந்த எஃப்.எம்.மிலும் கேட்க முடியாது. அவ்வளவு வேகத்திலும் ஒரு எழுத்து சிதறாது. ழகரம் ழகரமாக இருக்கும். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' பின்னாளில் சன் டிவி வரை வந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

இவர்கள் செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. அதுவரை நாம் பாட்டை 'எம்.ஜி.ஆர். பாட்டு', 'சிவாஜி பாட்டு' என்றுதான் சொல்வோம். அவர்கள் எழுதவும் இல்லை, இசையமைக்கவும் இல்லை, அநேகமாகப் பாடவும் இல்லை. வாயசைத்தவருக்கே பாட்டு சொந்தம் என்று இருந்தோம். சிலோன் அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடல் ஆசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடமே போகாத என் அம்மாயிக்குக்கூட ஜி. ராமநாதனையும் கே.வி. மகாதேவனையும் தெரிய வைத்தார்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் இறந்தபோது அவருக்கு வயது 29. நான் ரேடியோ கேட்க ஆரம்பிக்கும் முன்பே போய்விட்டவர். ஆனால் அவர் பெயரைத் தினமும் கேட்டே வளர்ந்ததால், அவர் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

வடக்கேயும் இப்படி ஒரு கதை உண்டு. 1949-ல் வந்த 'மகல்' படத்தின் பாட்டுக்கு இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று போட்டிருந்தார்கள். அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். யார் இவர் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. வானொலிக்காரர்கள் இசைத்தட்டுக் கம்பெனியிடம் விசாரித்துப் பெயரை அறிவித்தார்கள். அந்தப் பெயர் லதா மங்கேஷ்கர். கேட்டவர்கள் கேள்வி கேட்டதால் ஒரு பெண்ணுக்கு அவள் பெயர் கிடைத்தது.

சிலோன் ரேடியோ பாட்டு செய்தவர்களின் பெயரோடு நிற்கவில்லை, கேட்பவர்களின் பெயரையும் சொன்னது. 'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சியில் ஒரு குழந்தைக்கு வாழ்த்துச் சொல்ல அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, பெரியப்பா, மாமா, மாமி என்று ஒரு ஊரே வரிசையில் வரும். அப்புச்சி, அம்மாயி என்று கூப்பிட்டுப் பழகிய எங்களுக்கு அம்மம்மா என்ற சொல்லே புதிது. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் வரைபடத்தில் பார்ப்பதற்கு முன்பே காதுக்குப் பழகிய ஊர்கள். அந்த ஊர்களுக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். 1983 கலவரமும் அதற்குப் பின் வந்த போரும் அந்த வீடுகளையும் விடவில்லை, அந்தக் குரல்களையும் விடவில்லை. கே.எஸ். ராஜா 1989-ல் கொழும்பில் கொல்லப்பட்டார். ராஜேஸ்வரி சண்முகம் 2012-ல் காலமானார். பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. நம் நாட்டிலும் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக மூடி வருகிறார்கள். செல்போன் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்கிற ஊர்கள் நம் மலையில் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் இதைச் செய்வது சரியில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சிலோன் ரேடியோவைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அது வியாபாரம். விளம்பரம் விற்கத்தான் பாட்டுப் போட்டார்கள். சினிமாப் பாட்டு பெருகப் பெருக, நடவுப் பாட்டும் கும்மியும் பின்னால் போனதில் அதற்கும் பங்குண்டு. நம் மலையின் பாட்டு ஒன்றுகூட கொழும்பிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அதனால்தான் 1984-ல் நான் இடைநிலை ஆசிரியையாக மலைக்கு வந்ததும், வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையை 'நம்ம ரேடியோ' ஆக்கினேன். ஞாபகம் இருக்கிறதா? பாடுகிறவர் எழுந்து நின்று, முதலில் தன் பெயர், வகுப்பு, ஊர் சொல்ல வேண்டும். பிறகு இந்தப் பாட்டை யாரிடம் கற்றேன் என்று சொல்ல வேண்டும். "எங்க பாட்டிகிட்ட" என்றால் விடமாட்டேன். பாட்டிக்குப் பெயர் இல்லையா? பாட்டியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திங்கட்கிழமை வந்து சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர்! வாழவந்தி நாட்டுப் பிள்ளையும் வளப்பூர் நாட்டுப் பிள்ளையும் ஒரே தாலாட்டை வேறு வேறு மாதிரி பாடி, எது சரி என்று சண்டை போட்டதும் அங்கேதான். இரண்டும் சரி என்று தீர்ப்புச் சொன்னேன். இன்றைக்கும் அதே தீர்ப்புதான்.

போன மாதம் நம் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. வயதான ஒரு அம்மா களத்தில் உட்கார்ந்து பாடுகிறார். 'கொல்லிமலை பாட்டி செம பாட்டு' என்று தலைப்பு. இதயம், கைதட்டு என்று இருநூறுக்கு மேல் வந்தது. ஐந்தாம் நாள் உங்களில் ஒருவர் எழுதினார்: "டீச்சர், அது எங்க அப்பாவோட அம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி இறந்துட்டாங்க. இந்த வீடியோ யார் எடுத்ததுன்னே எங்களுக்குத் தெரியாது." ஐந்து நாள் இருநூறு பேர் ரசித்தோம். அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இசைத்தட்டில் 'காமினி' என்று போட்ட காலத்துக்கே திரும்பிப் போய்விட்டோம் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்காவது கடிதம் போட்டுக் கேட்டார்கள்.

"டீச்சர், இப்ப எல்லாமே போன்ல தேடினா வந்துடுமே" என்பீர்கள். மருதகாசியைத் தேடினால் வரும், சரி. ஆனால் தேட வேண்டும் என்று தோன்றுவதற்கே யாராவது ஒருவர் முதலில் அந்தப் பெயரைக் காதில் போட்டிருக்க வேண்டும். போன் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டைத் தானே போட்டுவிடுகிறது. நடுவில் யாரும் வந்து பேசுவதில்லை. அந்த நடுவில் பேசிய அரை நிமிடம்தான் நாங்கள் படித்த பள்ளிக்கூடம். அது மட்டுமல்ல, கூகுளில் மருதகாசி இருப்பார், களத்தில் உட்கார்ந்து பாடிய அந்த அம்மா இருக்கமாட்டார். அவரைப் பற்றி யாரும் எழுதியே வைக்கவில்லை, எங்கே தேடுவது?

பெயர் சொல்வது நம் மலைக்குப் புதிதும் இல்லை. வல்வில் ஓரிக்கு ஒவ்வொரு ஆடியிலும் விழா எடுக்கிறோம். அவன் பெயர் இத்தனை நூற்றாண்டு நின்றது வில்லால் மட்டுமா? வன்பரணர் என்ற புலவர் அவனைப் பெயர் சொல்லிப் பாடினார், அது புறநானூற்றில் ஏறியது. ஓரிக்கும் பெயர் நின்றது, பாடிய வன்பரணருக்கும் நின்றது. நம் விதைகளையே பாருங்கள். மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று நம் பெரியவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் இருந்ததால்தான் பிற்காலத்தில் ஆராய்ச்சி செய்ய வந்தவர்களால் அவற்றைப் பிரித்தறிந்து காப்பாற்ற முடிந்தது. எல்லாவற்றையும் வெறும் 'சாமை' என்று ஒரே மூட்டையில் கட்டியிருந்தால் இன்று ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேலை சொல்கிறேன். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துச் சிலோன் நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர்கள் நம் உறவில் பலர். பாட்டு எங்கேயும் கிடைக்கும். பாட்டுக்கு நடுவே வரும் அறிவிப்பாளர் குரல்தான் அரிது. நாமக்கல், சேலத்தில் கேசட்டை மாற்றிக் கொடுக்கும் கடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

இரண்டு. நம் மலையில் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், இந்தத் தைக்குள் போய்ப் பதிவு செய்யுங்கள். போன் போதும். ஆனால் 'ரெக்கார்டு' அழுத்தியதும் முதலில் உங்கள் குரலில் சொல்லுங்கள்: பாடுபவர் பெயர், ஊர், எந்த நாடு, யாரிடம் கற்றார், எப்போது பாடும் பாட்டு, இன்றைய தேதி. அரை நிமிடம்தான் ஆகும். தாலாட்டு, நடவு, ஒப்பாரி, சாமி அழைப்பு எதுவானாலும் சரி. பாடுகிறவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே வெளியே போடுங்கள். சில பாட்டு வீட்டோடு இருக்க வேண்டியது, அதை அவரே சொல்வார்.

மூன்று. இரவு உங்கள் பிள்ளைக்குப் பாட்டுப் போடும்போது, போடுவதற்கு முன் ஒரே ஒரு பெயராவது சொல்லுங்கள். எழுதியவர் பெயராக இருந்தால் எனக்கு இரட்டிப்பு சந்தோஷம்.

அந்த வீடியோவில் பாடிய அம்மாவின் பெயரையும் ஊரையும் அவர் பேரன் எனக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறார். பொதுவில் போட வீட்டில் எல்லோரும் சம்மதித்த பிறகு, அந்த வீடியோவை அவர் பெயரோடு நம் குழுவில் மீண்டும் போடுவோம். அதுவரை அதைத் தலைப்பில்லாமல் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் யார் என்ன பாட்டுப் பாடுவார்கள் என்று கீழே எழுதுங்கள். "எங்க பாட்டி" என்று எழுதினால் ஏற்கமாட்டேன். பெயர் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்